உயிரோடிருப்பவரின் சொத்துக்கு வாரிசு இல்லை

முதுமையடைந்த தாயையோ தந்தையையோ பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்க்க நேரிடும்போது, நம் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்பது ஒன்று, அது உரத்த குரலில் கேட்கப்படுகிறது. "செலவை யார் கொடுப்பது?" என்பது மற்றொன்று, அது அடுக்களையிலும் வெளிநாட்டுத் தொலைபேசியிலும் தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறது. அன்பு வாசகர்களே, உடன்பிறந்தோரை ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்களாக ஆக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் கேள்விதான்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை போதும். பெற்றோரை வீட்டில் வைத்துப் பேணுவதே சிறப்பு. முதிய பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லைக்கூட அல்லாஹ் தடுத்திருப்பதைத் திருக்குர்ஆன் 17:23-இல் காண்கிறோம். ஆயினும் பக்கவாதத்தில் படுத்தவருக்கும், நினைவு தவறி நள்ளிரவில் வெளியேறிவிடுபவருக்கும் இரவு பகலாக ஒருவர் துணை வேண்டும். பிள்ளைகளோ வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். இத்தகைய நிலையில் நல்ல இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவதாகாது. சேர்த்தபின் எட்டிப் பாராதிருப்பதே கைவிடுவதாகும்.

முதலில் எவருடைய பணம்?

மார்க்கச் சட்டத்தின் அடிப்படை தெளிவானது. பெற்றோர் வசதியற்றவர்களாயின், அவர்களுடைய செலவு வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமையாகிறது. பெற்றோருக்குச் சொந்தப் பொருள் இருப்பின், அவர்களுடைய செலவு முதலில் அப்பொருளிலிருந்தே நடைபெற வேண்டும். நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இதையே ஒட்டிச் செல்கிறது. தம் வருவாயாலோ சொத்தாலோ தம்மைப் பேணிக்கொள்ள இயலாத பெற்றோரே அச்சட்டத்தின் கீழ்ப் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம்.

ஆனால் நடைமுறை என்ன? "வீட்டை விற்கக் கூடாது, அது நம் பங்கு" என்று பிள்ளைகள் கூறுகின்றனர். எந்தப் பங்கு? வாரிசுரிமை என்பது மரணத்திற்குப் பின்னரே பிறக்கிறது. உயிரோடிருக்கும் தாயின் வீட்டில் மகனுக்கோ மகளுக்கோ ஒரு செங்கல்லும் உரிமையில்லை. தாய்க்கு நல்ல கவனிப்புக் கிடைப்பதைத் தடுத்து அவ்வீட்டைக் காப்பது, அவருடைய பொருளை அவருக்கே மறுப்பதாகும்.

வீடு யாருடையது?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். "உம்மாவின் வீடு" என்று நாம் சொல்வது பல வேளைகளில் மறைந்துவிட்ட வாப்பாவின் வீடாக இருக்கும். பிள்ளைகள் உள்ள நிலையில் கணவர் இறந்தால், கடன்களும் மரண சாசனமும் நிறைவேறியபின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கே உரியது. மீதி பிள்ளைகளுக்கும், பிற வாரிசுகள் இருப்பின் அவர்களுக்கும் உரியது. பாகப் பிரிவினை செய்யாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவதால், எது எவருடையது என்பதே மறந்துபோகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வீட்டின் மதிப்பு 60 லட்சம் ரூபாய். இல்லத்தின் கட்டணம் மாதம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 3 லட்சத்து 60 ஆயிரம். வீடு முழுவதும் தாயுடையதாயின், விற்ற பணம் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் போதும். பிள்ளைகள் கைப்பொருள் தர வேண்டிய கட்டாயமே இல்லை. வீடு தந்தையுடையதாயின், தாயின் பங்கு ஏழரை லட்சம். அது இரண்டாண்டுகளுக்கே போதும். அதன்பின் முழுச் சுமையும் பிள்ளைகளின் கடமை. ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி, வசதியுள்ள மகனும் மகளும் இச்செலவில் சமமான பொறுப்புடையவர்கள். வாரிசுப் பங்கில் மகனுக்கு இரு மடங்கு என்பதைக் காட்டி இதில் கணக்கிடுவதில்லை.

வீட்டை விற்க மனமில்லையா? வாடகைக்கு விடுங்கள். மாதம் 15,000 வருமாயின் பாதிச் செலவு தீர்ந்தது. அல்லது பிள்ளைகளுள் ஒருவர் நியாயமான சந்தை விலைக்கு வாங்கி, விலையைத் தவணைகளாகத் தாய்க்குச் செலுத்தி வரலாம். பத்திரமும் பதிவும் முறைப்படி இருக்கட்டும். மூத்த குடிமக்களுக்கென வங்கிகள் வழங்கும் தலைகீழ் அடமானக் கடனும் உண்டு. ஆனால் அதில் வட்டி ஆண்டுதோறும் அசலோடு சேர்ந்துகொண்டே போகும் என்பதால், வட்டியைத் தவிர்க்க வேண்டிய நமக்கு அது வழியன்று.

எழுதிக் கொடுத்தபின் என்ன?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்குத் திருமணத்தின்போதே வீட்டைக் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. பிற ஊர்களிலும் "பின்னால் சண்டை வேண்டாம்" என்று பெற்றோர் உயிரோடிருக்கும்போதே எழுதி வைத்துவிடுகின்றனர். ஹிபா என்னும் அன்பளிப்பு, கொடுப்பவர் கொடுத்து, பெறுபவர் ஏற்று, பொருள் கைமாறியதும் நிறைவேறிவிடுகிறது. பெற்ற பிள்ளைக்குக் கொடுத்ததைத் தந்தை திரும்பப் பெறலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபி மத்ஹபில், கைமாறியபின் அதற்கு வழியில்லை. ஆகவே தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாமல் அனைத்தையும் எழுதிக் கொடுப்பது பெற்றோருக்கு ஆபத்தானது.

இதற்கு நாட்டுச் சட்டத்தில் ஒரு காப்பு உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் பேணத் தவறினால், அம்மாற்றத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனை இருந்தது நிலைநாட்டப்பட வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இச்சட்டத்தை முதியோருக்கு நலம் பயக்கும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பராமரிப்பு நிபந்தனையை வாய்மொழியாக விடாமல் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்ததையும் நினைவில் கொள்ளுங்கள்.

நினைவு தவறும் முன்

முகவர் அதிகாரப் பத்திரம் இருப்பதால் பயமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அப்பத்திரத்தின் அதிகாரம் முடிந்துவிடும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன்பின் நீதிமன்றத்தையே நாட வேண்டும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், நினைவிழந்து கிடந்த கணவரின் சொத்தை அவருடைய பராமரிப்புக்காக விற்க மனைவியைக் காப்பாளராக நியமித்து அனுமதித்தது. அது நீண்ட வழி. தாய் தந்தையர் தெளிவோடிருக்கும்போதே அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டு ஏற்பாடு செய்வதே எளிய வழி.

கணக்கை எழுதுங்கள்

இறுதியாக, சண்டைக்கு வித்திடும் ஒன்று. வெளிநாட்டிலிருக்கும் மகன் பத்தாண்டுகள் மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். தாய் மறைந்தபின், "நான் செலவழித்ததைக் கழித்துத்தான் வீட்டைப் பிரிக்க வேண்டும்" என்கிறான். கடன் என்று சொல்லாமல் கொடுத்தது உபகாரமே. அதன் நற்கூலி அல்லாஹ்விடம் உண்டு. உடன்பிறந்தோரிடம் கேட்க இயலாது. கடனாகக் கொடுப்பதாயின் தொடக்கத்திலேயே தாயிடம் கூறி, எழுதி, சாட்சி வைக்க வேண்டும். கடனை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் 2:282 கட்டளையிடுகிறது. அவ்வாறு எழுதப்பட்ட கடன், பாகப் பிரிவினைக்கு முன் தீர்க்கப்பட வேண்டியதாகும். பணம் தராமல் தாயின் அருகிலிருந்து மலம் துடைத்த மகளின் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை என்பதையும் அண்ணன் தம்பிமார் மறவாதிருக்கட்டும்.

இந்த மாதமே உடன்பிறந்தோர் ஒன்றுகூடுங்கள். வீடு யார் பெயரில் உள்ளது, பங்கு பிரிக்கப்பட்டதா, பெற்றோர் எதை விரும்புகின்றனர் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெற்றோரின் பொருள் பெற்றோருக்கே முதலில் பயன்படட்டும். அவர்கள் நிம்மதியாக வாழ்ந்து முடித்தபின் மிஞ்சுவதே நம் பங்கு. அதில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!