எந்த மூன்றாம் வீதி?

புதுக்கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? கோடு கிழித்தாற்போல் நேரான தெருக்கள் உள்ள ஊர் அது. பழைய அரண்மனை இருந்த இடத்தைச் சுற்றிக் கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி. அவற்றுக்கு அப்பால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று வரிசையாகப் போகும். ஆனால் ஆட்டோக்காரரிடம், "மூன்றாம் வீதிக்குப் போப்பா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "எந்த மூன்றாம் வீதி, அம்மா? வடக்கா, தெற்கா?" என்று திருப்பிக் கேட்பார். திக்கைச் சொன்னால்தான் வீடு கிடைக்கும்.

கம்ப்யூட்டரில் போட்டோவைத் திருத்தும் மென்பொருளும் இப்படிப்பட்ட ஊர்தான். 1990-ல் வெளிவந்த போட்டோஷாப்பைப் பலரும் அறிவார்கள். காசில்லாமல் கிடைக்கும் 'கிம்ப்' என்பதையே இங்கே எடுத்துக்கொள்வோம். 1995-ல் அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலை அது.

அதைத் திறந்தவுடன் தலைமாட்டில் பதினொரு மெனுக்கள் நிற்கும். "அடேயப்பா!" என்று மூடிவிடாதீர்கள். சாய்ந்திருக்கும் படத்தை நேராக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பும் கட்டளை 'வியூ'விலும் இருக்கிறது, 'இமேஜ்'ஜிலும் இருக்கிறது, 'லேயர்'ரிலும் இருக்கிறது! 'வியூ'வில் திருப்பினால் உங்கள் பார்வைதான் திரும்பும். படம் பழையபடியே கிடக்கும். 'லேயர்'ரில் திருப்பினால் அந்த ஓர் அடுக்கு மட்டும் திரும்பும். ஓரங்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடும். 'இமேஜ்'ஜில் திருப்பினால்தான் படம் முழுவதும் சட்டத்தோடு திரும்பும். ஆகவே, எந்த மெனுவைத் தொடுமுன்னும், "மாற வேண்டியது என் பார்வையா, ஓர் அடுக்கா, முழுப் படமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வழி தெரிந்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் என் பாட்டியின் கல்யாணப் போட்டோவை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். வேறொரு மென்பொருளில் அதைத் திறந்து, மணமக்கள் மட்டும் தெரியும்படி ஓரத்தை வெட்டினேன். அதே பெயரில் 'சேவ்' கொடுத்தேன். அசல் போட்டோவோ ஏற்கெனவே கரையானுக்கு இரையாகியிருந்தது. வெட்டுண்ட ஓரத்தில் நின்றவள் சின்னப் பாட்டி; பதினாறு வயதில் காலமானவள். அவள் முகம் இருந்தது அந்த ஒரே படத்தில்தான். என் அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனவே, முதலில் பாதுகாப்பு. படத்தைத் திறந்ததும் 'லேயர்' மெனுவில் 'டூப்ளிகேட் லேயர்' கொடுங்கள். அசலின் மேல் ஒரு நகல் வந்து உட்காரும். கைவரிசையை அதில் காட்டுங்கள். தப்பு நேர்ந்தால் 'எடிட்' மெனுவின் 'அண்டூ' இருக்கிறது. முடித்தபின் 'ஃபைல்' மெனுவில் 'சேவ்' கொடுத்தால், அடுக்குகளோடு கிம்ப்பின் சொந்த வடிவத்தில் பத்திரமாகும். பிறருக்கு அனுப்ப 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்துப் புதிய பெயர் சூட்டுங்கள். பக்கத்திலேயே 'ஓவர்ரைட்' என்று ஒன்று நிற்கும். அதுதான் அசலை அழித்து மேலே எழுதும் பேர்வழி. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மங்கிய படத்துக்கு 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்'. மலைபோல் ஒரு வரைபடமும் அதன் கீழ் மூன்று சின்ன முக்கோணங்களும் தெரியும். இரு கோடி முக்கோணங்களையும் மலையின் அடிவாரம் வரை தள்ளுங்கள். கறுப்பு கறுப்பாகும், வெள்ளை வெள்ளையாகும். கீறலுக்கும் கறைக்கும் 'டூல்ஸ்' மெனுவில் 'ஹீல்' தூரிகை. கன்ட்ரோல் விசையோடு நல்ல இடத்தில் ஒரு முறை சொடுக்கிவிட்டுக் கீறலின் மேல் பூச வேண்டும்.

அப்படியும் வழி தெரியாவிட்டால்? முக்குக் கடையில் விசாரிப்பதில்லையா? விசைப்பலகையில் சாய்கோட்டை அழுத்துங்கள். ஒரு சிறு பெட்டி வரும். வேண்டியதன் ஆங்கிலப் பெயரை அதில் எழுதினால், அந்தக் கட்டளையை எடுத்து முன்னால் நிறுத்தும்.

இனி அலமாரியிலுள்ள பழைய ஆல்பத்தை இறக்கலாம். ஒன்றே ஒன்று: 'ஹீல்' தூரிகையைக் கையில் எடுத்த உற்சாகத்தில், பாட்டியின் மூக்குத்தியைக் கறை என்று எண்ணித் துடைத்துவிடாதீர்கள்!