எண்சுவடியின் பாட அடைவும் தொடக்கப்பள்ளிக் கணக்கின் ஆண்டுத் திட்டமும்

நூல் செய்வார்க்கு எதனை முன் வைப்பது, எதனைப் பின் வைப்பது என்னும் வைப்புமுறை இன்றியமையாதது என்பதனைத் தமிழ் இலக்கண மரபு நன்கு உணர்ந்திருந்தது. சிறார்க்குக் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதுவே முதற் சிக்கலாம். ஓராண்டுப் பாடங்களை வகுக்கப் புகுவார், எண், கூட்டல், பெருக்கல், அளவை, பின்னம் ஆகியவற்றுள் எது எதற்கு அடிப்படையாவது என வரையறுத்தல் வேண்டும். பழந்தமிழ்த் திண்ணைப் பள்ளிகள் இவ்வினாவிற்கு ஒரு விடை கண்டிருந்தன. அவ்விடை எண்சுவடி என்னும் பெயரால் ஏட்டிலும் அச்சிலும் எஞ்சியுள்ளது. இலக்கிய ஆராய்ச்சியாளர் அதனை வாய்ப்பாட்டுத் தொகுதி என ஒதுக்குதலும், கல்வித்துறையினர் பழம்பொருள் எனக் கடந்து செல்லுதலும் வழக்கமாயின. அதனைப் பாடத்திட்டமாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவடியின் அடைவு

திண்ணைப் பள்ளிக் கணக்கு நான்கு படிகளாக அமைந்தது. முதலாவது பொன்னிலக்கம்; முந்திரி முதலிய கீழ்வாய் எண்களிலிருந்து முழு எண்களுக்கு ஏறிச் செல்வது. இரண்டாவது நெல்லிலக்கம், முகத்தலளவையைக் கூறுவது. மூன்றாவது பெருக்கல் வாய்ப்பாடாகிய எண்சுவடி. தொகுதி முழுவதற்கும் இதன் பெயரே வழங்கலாயிற்று. நான்காவது குழிமாற்று, நிலப்பரப்புக் காண உதவுவது. இவற்றில் தேர்ந்தவன் காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களிற் புகுதற்கு உரியவனாவான்.

இவ்வடைவில் வியப்புத் தருவது யாதெனின், பெருக்கலுக்கு முன்னரே பின்னம் கற்பிக்கப்பெற்றமையாகும். இன்றைய ஆசிரியர் இதனைத் தலைகீழ் முறை எனக் கருதுதல் கூடும். அக்கருத்துப் பொருந்துமா என்பதைப் பொன்னிலக்கத்தின் அமைப்பினைக் கொண்டு காண்போம்.

கூட்டலே முதற்கருவி

முந்திரி என்பது 1/320. இரண்டு முந்திரி கூடி அரைக்காணி (1/160). இரண்டு அரைக்காணி கூடிக் காணி (1/80). இரண்டு காணி அரைமா (1/40). இரண்டு அரைமா ஒரு மா (1/20). மற்றொரு பால், ஒன்றனைப் பாதியாக்க அரை, பின்னர்க் கால், அரைக்கால், மாகாணி (1/16) என இறங்குவது. மேலேறும் வரிசையும் கீழிறங்கும் வரிசையும் எவ்விடத்து இணைகின்றன? மாகாணி என்னும் சொல்லே விடை தருகின்றது. மா 16 முந்திரி. காணி 4 முந்திரி. இரண்டும் கூடின் 20 முந்திரி, அதுவே 1/16. பெயரே ஒரு கூட்டற் கணக்காக நிற்றல் காண்க. மாகாணியோடு ஒரு மாவினைக் கூட்டுக எனின், இருமாவும் காணியும் ஆம் என மாணவன் உடனே விடை கூறுவான். இன்றைய மாணவனோ பொதுப் பகுதி கண்டு 9/80 எனக் கூறுதல் வேண்டும். விடை ஒன்றே, வழி வேறு.

ஆகவே, பொன்னிலக்கத்தில் பின்னம் என்பது வகுத்தலின் விளைவன்று. சிறிய அளவைகள் கூடிப் பெரிய அளவை ஆதலேயாம். கூட்டலன்றி வேறு கருவி அங்கே தேவைப்படவில்லை. பெருக்கலுக்கு முன் பின்னம் நின்றது தலைகீழ் முறையன்று என்பது இதனாற் பெறப்படும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. 320 என்பது மூன்றால் மிச்சமின்றி வகுபடாது. எனவே மூன்றிலொன்று இவ்வரிசையுள் அடங்காது. ஆயினும் முகத்தலளவையில் மூன்று தூணி ஒரு கலமாதலின், கலத்தின் மூன்றிலொன்று தூணி என்னும் தனிப்பெயர் பெற்றது. எண் வரிசை தாராத கூற்றினை அளவைப் பெயர் தந்தது. பொன்னிலக்கத்தின் பின் நெல்லிலக்கம் வைக்கப்பட்டமைக்கு இதனையும் ஒரு பயனாகக் கொள்ளலாம்.

ஆண்டு என்னும் அளவு

திண்ணைப் பள்ளியில் ஆண்டுத் திட்டம் என ஒன்று இருந்ததில்லை. ஒரு சுவடி முடிந்த பின்னரே அடுத்த சுவடி தொடங்கும். விரைந்து கற்பவன் முன்னே செல்வான். பிந்தியவன் தன் படியிலேயே நிற்பான். சட்டாம்பிள்ளை அவனை முறை சொல்வித்துத் திருத்துவான். காலம் நெகிழ்ந்தது, தேர்ச்சி நெகிழவில்லை. பின்னர் எழுந்த வகுப்புமுறைப் பள்ளியில் இந்நிலை மாறியது. அங்கே காலம் உறுதியானது, தேர்ச்சி நெகிழ்ந்தது. ஆண்டு முடிந்தால் மாணவன் அடுத்த வகுப்பிற் புகுவான், சென்ற ஆண்டின் பாடம் அவன் நெஞ்சிற் பதிந்திருப்பினும் இல்லையெனினும்.

இக்குறையினை நம் காலத்தவரும் உணர்ந்துள்ளனர். தமிழ்நாட்டில் 2022 ஆம் ஆண்டு சூன் திங்களில் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்பு மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவகையாற் பகுத்தது. வகுப்பினுள்ளேயே படியினைக் காணும் இம்முயற்சி, திண்ணைப் பள்ளியின் நெறியோடு ஒருவாற்றான் ஒத்தல் கருதத்தக்கது.

ஒரு மாதிரித் திட்டம்

குழந்தைகளின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டொன்றிற்கு 200 வேலைநாள்களை வரையறுத்துள்ளது. கிழமைக்கு ஐந்து நாளாக, இவை 40 கிழமைகள் ஆகும். மூன்றாம் வகுப்பினை உளங்கொண்டு, இவற்றை இவ்வாறு பகுக்கலாம் என்பது எம் கருத்து.

முதலாவது, நான்கு கிழமைகளுள் ஒன்று மீள்பாடத்திற்கு உரியதாகுக. அதனால் 10 கிழமைகள் முறை சொல்லுதற்கும் 30 கிழமைகள் புதுப்பாடத்திற்கும் அமையும். மீள்பாடக் கிழமையில் ஆசிரியர் புதியது எதனையும் புகுத்தலாகாது.

இரண்டாவது, புதுப்பாடக் கிழமை ஒவ்வொன்றிலும் நான்கு நாள் எண்ணுக்கும் ஒரு நாள் அளவைக்கும் உரியனவாகுக. அளவையினை ஆண்டின் இறுதி இயலாக ஒதுக்கிவைத்தல் இன்றும் காணப்படும் பிழையாகும். காலம் போதாவிடின் முதலில் விடுபடுவது அதுவே. இப்பகுப்பில் 30 நாள்கள் அதற்கு உறுதியாகின்றன.

மூன்றாவது, அரை, கால், அரைக்கால் என்பன முதற் பருவத்து அளவை நாள்களிலேயே, நீர் முகந்தும் கயிறு மடித்தும் கூட்டல் வாயிலாகக் கற்பிக்கப்பெறுக. அவற்றை எண்குறியாக எழுதும் முறை மூன்றாம் பருவத்தில் வருக. பெருக்கலும் வகுத்தலும் இடைப்பருவத்தில் இணைந்தே நடைபெறுக.

நான்காவது, ஒவ்வொரு வாய்ப்பாட்டின் இறுதியிலும் மொத்தத் தொகை கூறப்பெறுக. எண்சுவடியில் இவ்வழக்கம் உண்டு. ஒன்று முதல் பத்து வரை கொள்ளின், ஒன்பதாம் வாய்ப்பாட்டின் தொகை 495. மாணவன் தான் கூறியதனைத் தானே சரிபார்க்க இஃதோர் எளிய வழி.

கொள்ளலாகாதன

பழமை என்பதனானே எதுவும் சிறப்புடைத்தாகாது. தாமஸ் மன்றோ 1822 இல் தொடங்கிய கணிப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அவருள் மாணவியர் 4,540 பேரே. ஒடுக்கப்பட்ட குடியினர்க்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது. அடியும் தண்டனையும் அங்கே கற்பித்தலின் உறுப்பாயிருந்தன. வாய்பாடு வந்தவனுக்குக் காரணம் கூறப்படாமற் போனமையும் உண்டு. இவற்றுள் எதனையும் மீட்டல் எம் கருத்தன்று. முந்திரியும் காணியும் மீண்டும் பாடமாதல் வேண்டும் என்பதும் அன்று; 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணயம் வந்ததும், அதனைத் தொடர்ந்து மெட்ரிக் அளவை பரவியதும் அவற்றின் அன்றாட வழக்கினைக் குறைத்துவிட்டன. யாம் கொள்ளத் தக்கன எனக் கூறுவன அடைவும் மீள்பாடமும் அளவையோடு இயைந்த எண்ணறிவுமே.

தமிழாராய்ச்சி மாணவர்க்கும் இதன்கண் ஒரு கடமை உண்டு. சோழர் கல்வெட்டுகளில் நில அளவு வேலி, மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி எனச் செல்கின்றது. ஒரு வேலிக்கு இருபது மா என்பதும், கீழ்முந்திரி 1/102400 என்பதும் அறியாதான் அவற்றைப் படித்தும் பொருள் காணமாட்டான். மாகாணி ஒரு சொல்லா, மாவும் காணியுமா எனத் தடுமாறுவான். இரண்டும் ஓரளவே என அறிந்தவனுக்குத் தடுமாற்றம் இல்லை. எண்ணினைச் சிறுவர் பாடம் என்று புறந்தள்ளிய எழுத்தறிவு நிறைவுடையதாகாது. எனவே எண்சுவடிகளை ஏட்டுப்படிகளோடு ஒப்பிட்டுச் செம்பதிப்புகள் வெளியிடுதல் தமிழ்த்துறைகளின் பணியாகும். அவற்றின் அடைவினை வகுப்பறையில் ஆய்ந்து காணுதல் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பணியாகும். இவ்விரு பணியும் ஒருங்கே நிகழின் இரு திறத்தாரும் பயன் பெறுவர்.