ஸ்பீக்கர் ஒயர் பதித்த சுவரில் விரிசல் விழுவது ஏன்?

வீட்டில் ஸ்பீக்கர் ஒயருக்காகச் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதித்து, மேலே சிமென்ட் பூசுகிறோம். சில மாதங்களில் குழாய் போன வழியெல்லாம் கோடு கோடாக விரிசல் தெரிகிறது. ஏன்?

சிமென்ட் வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் கெட்டியாகிறது. உலர்ந்த செங்கல் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் வினை பாதியில் நிற்கும், பூச்சு வலுவிழக்கும். ஈரம் வற்றும்போது புதுப் பூச்சு சுருங்கும். பழைய சுவர் சுருங்காது. இரண்டும் சேரும் விளிம்பில் பிளவு விழும். வழுவழுப்பான பிவிசி குழாயையும் கலவை சரியாகப் பற்றாது.

எப்படித் தடுப்பது? காடியில் தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். குழாயை ஆணியால் இறுக்குங்கள். காடிக்கு இருபுறமும் சற்று அகலமாகக் கம்பி வலை அடித்துப் பூசினால், சுருங்கும் இழுவிசை பரவிவிடும். ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். நன்கு உலர்ந்த பிறகே பட்டி, பெயின்ட்.

ஒயர் வெளிவரும் துளையில் பெட்டி பதித்து மூடித்தகடு பொருத்துங்கள், பூச்சி நுழையாது. மின்சார ஒயர் செல்லும் குழாயில் ஸ்பீக்கர் ஒயரை ஒருபோதும் சேர்க்காதீர்கள்; அது உயிருக்கே ஆபத்து.