ஆங்கில வாக்கியத்துக்கும் வரிசை ஒழுங்கு உண்டு

பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்த தமிழர்களில் பலருக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. விடுமுறை விண்ணப்பமானாலும் இடமாற்றல் மனுவானாலும் அவர்களுக்குக் கைகொடுப்பது ஆங்கிலமே. சொற்கள் சரியாக இருக்கும், எழுத்துப் பிழையும் இராது. ஆயினும் வாக்கியம் நொண்டும். இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் ஒன்றுண்டு. ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று செய்திகளை அடுக்கும்போது அவை ஒரே அமைப்பில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆங்கில இலக்கணத்தில் இதற்குப் 'பாரலல் ஸ்ட்ரக்சர்' என்று பெயர். தமிழில் இணையமைப்பு எனலாம்.

தமிழனுக்குப் புதிதல்ல

"அவனுக்கு நீந்தவும் பாடவும் தெரியும்" என்கிறோம். "நீந்தவும் பாடுவதும் தெரியும்" என்று யாரேனும் சொன்னால், பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் திருத்திவிடுவார். பல பொருள்களை எண்ணி ஒரே வினையால் முடிக்கும்போது, அந்த வினை எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும் என்பது தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் உள்ள விதி. "சோறும் நீரும் குடித்தான்" என்றால் தவறு. நீரைக் குடிக்கலாம், சோற்றைக் குடிக்க முடியுமா?

இத்தனை நுட்பமான காது படைத்தவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறுவானேன்? 'டு ரைட்', 'ரைட்டிங்' என்ற இரண்டுக்கும் தமிழில் 'எழுதுவது' என்றே பொருள் கொள்கிறோம். ஆகவே எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒருவர் தம் வேலைகளை இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "மை டியூட்டீஸ் ஆர் ரைட்டிங் லெட்டர்ஸ், டு செக் பில்ஸ் அண்ட் டெஸ்பாட்ச் ஆப் பார்சல்ஸ்." முதலாவது 'இங்' என்று முடிகிறது. இரண்டாவது 'டு' என்று தொடங்குகிறது. மூன்றாவது வெறும் பெயர்ச்சொல். மீட்டர் கேஜ் பெட்டியையும் பிராட் கேஜ் பெட்டியையும் ஒரே வண்டியில் கோத்தது போன்ற காரியம் இது. "ரைட்டிங் லெட்டர்ஸ், செக்கிங் பில்ஸ் அண்ட் டெஸ்பாட்சிங் பார்சல்ஸ்" என்றால் வண்டி ஓடும்.

பொருளும் மாறும்

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமல்ல. "ஐ ரெக்வெஸ்ட் அ டிரான்ஸ்பர் டு நாகர்கோவில் ஆர் திருநெல்வேலி வித் குவார்ட்டர்ஸ்" என்று ஒரு மனு போகிறது. குவார்ட்டர்ஸ் இரண்டு ஊருக்குமா, திருநெல்வேலிக்கு மட்டுமா? மேலதிகாரி தம் விருப்பப்படி பொருள் கொள்ளலாம். "அ டிரான்ஸ்பர் டு நாகர்கோவில் ஆர் திருநெல்வேலி, அண்ட் அன் அலாட்மென்ட் ஆப் குவார்ட்டர்ஸ் அட் ஐதர் பிளேஸ்" என்று எழுதினால் கோரிக்கை இரண்டும் தனித்தனியே நிற்கும். ஒன்று மற்றொன்றில் மறையாது.

ஜோடியாக வரும் சொற்களிலும் கவனம் தேவை. "ஹி நாட் ஒன்லி நோஸ் டமில் பட் ஆல்சோ மலையாளம்" என்பது பிழை. 'நாட் ஒன்லி'க்குப் பின் வினைச்சொல், 'பட் ஆல்சோ'வுக்குப் பின் பெயர்ச்சொல். "ஹி நோஸ் நாட் ஒன்லி டமில் பட் ஆல்சோ மலையாளம்" என்பதே சரி. 'ஐதர் – ஆர்', 'போத் – அண்ட்' ஆகியவற்றுக்கும் இதே விதி.

ஒப்பிடும்போதும் அப்படியே. "ரென்ட்ஸ் இன் கரமனை ஆர் ஹையர் தேன் நாகர்கோவில்" என்றால் வாடகையை ஊரோடு ஒப்பிட்டதாகிறது. "தேன் தோஸ் இன் நாகர்கோவில்" என்றால் வாடகையோடு வாடகை நிற்கும்.

இவ்வூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு

இணையமைப்பின் வலிமைக்குத் திருவனந்தபுரத்திலேயே ஒரு சான்று உண்டு. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராம வர்மா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனமே அது. அப்போது திவானாக இருந்தவர் சர் சி. பி. ராமசாமி ஐயர்.

அதன் ஆங்கில வாசகம் ஒரே நீண்ட வாக்கியம். மன்னர் இந்த முடிவுக்கு வந்த மனநிலையை நான்கு தொடர்கள் சொல்கின்றன. அவற்றின் தலைச்சொற்கள் 'கன்வின்ஸ்டு', 'பிலீவிங்', 'நோயிங்', 'சொலிசிட்டஸ்'. ஈறுகள் வேறுபட்டாலும் நான்கும் மன்னரைக் குறிக்கும் 'வி' என்ற சொல்லுக்கே அடையாக நிற்கின்றன. இணையமைப்பு என்பது ஈறு ஒன்றாயிருப்பது மட்டுமல்ல, செய்யும் வேலை ஒன்றாயிருப்பதே என்பதை இதிலிருந்து அறியலாம். பின்னர் ஆணையிடும் இடத்தில் 'டிக்ளேர்', 'ஆர்டெய்ன்', 'கமாண்ட்' என்று மூன்று வினைகள் ஒரே அச்சில் வருகின்றன.

இத்தனை நீண்டும் அந்த வாக்கியத்தின் கருத்து குழம்பவில்லை. அரசின் நிர்வாகத்திலிருந்த கோயில்களின் கதவு பிறப்பால் தாழ்த்தப்பட்டிருந்த இந்துக்களுக்குத் திறந்தது. அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள சுசீந்திரம் கோயிலும் அவற்றில் ஒன்று.

எளிய சோதனை

எழுதி முடித்ததும், அடுக்கிய செய்திகளை மளிகைச் சிட்டை போல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கலாம். முதல் வரி 'இங்' என்றால் எல்லாம் 'இங்' ஆகட்டும். 'டு' என்றால் எல்லாம் 'டு' ஆகட்டும். 'இன்', 'பார்' போன்ற சிறு சொற்களைத் தொடக்கத்தில் ஒரு முறை போட வேண்டும், இல்லையேல் எல்லா இடத்திலும் போட வேண்டும். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தேர்விலும் வங்கித் தேர்வுகளிலும் பிழை காணும் வினாக்களுக்கு விடையளிக்க இந்தப் பழக்கம் உதவும். மனு எழுதுவோருக்கோ, கேட்டது இன்னதென்று படிப்பவருக்குச் சந்தேகமின்றிப் புரியும்.