கிராஃபீனுக்கு வேண்டியது நல்ல செம்பு

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சூளையில் வேகும்போது, தூய கல்லானால் டன்னுக்கு 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பெரம்பலூரில் மக்காச்சோளம் அறுத்த வயல்களில் தட்டை மிஞ்சுகிறது. இரண்டிலும் கார்பன் இருப்பதால், இவற்றைக் கிராஃபீனாக்கினால் புகையும் குறையும், பணமும் வரும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் அந்த ஆசை நிலைக்காது. கிராஃபீன் என்பது ஓரணுக் கனமே உள்ள கார்பன் தாள். ஒரு சதுர மீட்டர் 0.77 மில்லிகிராம்தான். சுமார் 1,940 சதுர கிலோமீட்டர் பரந்த அரியலூர் மாவட்டம் முழுவதையும் அதனால் போர்த்த ஒன்றரை டன் கார்பன் போதும். பன்னிரண்டரை டன் சுண்ணாம்புக்கல்லில், அதாவது ஒரு லாரி லோடில், அது கிடைத்துவிடும். சிமெண்ட் ஆலைகளின் புகையில் இது கண்ணுக்கே தெரியாத பங்கு.

கார்பன் எதிலிருந்து வந்தாலும் சரி என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2006-இல் ஜப்பானில் பிரகாஷ் சோமானியும் உடன் ஆய்ந்தவர்களும் நம் வீட்டுக் கற்பூரத்தையே ஆவியாக்கி, நிக்கல் மேல் கிராஃபீன் அடுக்குகளை வளர்த்தார்கள். 2011-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பிஸ்கட், புல், கரப்பான்பூச்சிக் கால் வரை பயன்படுத்திப் பார்த்தார்கள். விளைவை முடிவு செய்வது உலோகம். சூடான நிக்கல் கார்பனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும், ஆறும்போது வெளித்தள்ளும், அதனால் அடுக்குகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் அமையும். செம்பில் கார்பன் அநேகமாகக் கரைவதில்லை. சுமார் 1,000 டிகிரி செல்சியஸில், குறைந்த அழுத்தத்தில், செம்பின் மேற்பரப்பே கார்பன் தரும் மீத்தேன் வாயுவை உடைக்கிறது. ஓர் அடுக்கு மூடியதும் உடைக்க வெற்றுச் செம்பு இல்லாததால் வளர்ச்சி பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். டெக்சஸ் ஆய்வாளர்கள் 2009-இல் இதைக் காட்டிய பிறகுதான் பெரிய ஓரடுக்குத் தாள்கள் சாத்தியமாயின. வளர்த்தலைவிடக் கடினம் அதன் பிறகு வருவது: பாலிமர் பூசி, செம்பை அமிலத்திலோ உப்புக் கரைசலிலோ கரைத்து, தாளை வேறு பரப்புக்கு மாற்ற வேண்டும். கிழிசலும் சுருக்கமும் பெரும்பாலும் அங்கேதான் நேர்கின்றன.

கார்பன் டை ஆக்சைடிலிருந்தே கிராஃபீன் வளர்த்திருக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகம் 2019-இல் அதைச் செய்தது. அங்கும் செம்பும் பல்லேடியமும் கலந்த பரப்பே அதற்கு வழிவிட்டது. சிமெண்டை வலுவாக்கக் கிராஃபீன் சேர்க்கலாமே என்பது இன்னொரு கேள்வி. அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது கிராஃபைட்டை உரித்த தூள். உலோகத்தில் வளர்த்த தாள் அங்கே வீண். ஆகவே இப்பகுதிக் கல்லூரி ஏதேனும் இத்துறையில் இறங்கினால், தட்டையை எரித்துப் பார்ப்பதைவிடச் செம்பை வழுவழுப்பாக்குவதிலும் தாளைப் பிரிப்பதிலும் உழைக்கட்டும். மின்பகுப்பில் எழும் ஹைட்ரஜன் குமிழிகளால் தாளைக் கிளப்பி, அதே செம்பை மறுபடி உலைக்கு அனுப்பும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேசையளவு இடம் போதும்.