தன் நஞ்சில் தான் மடியாத நுண்ணுயிர்

சகோதரிகளே, நீண்ட வெயிலின் பின் மழை விழுந்ததும் முற்றத்திலிருந்து ஒரு மண் வாசனை எழுமல்லவா? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அந்த வாசனைக்கு முக்கிய காரணமாகும். டொக்டர் எழுதித் தரும் அன்டிபயோட்டிக் மருந்துகள் பலவும் முதலில் இந்தக் கூட்டத்திடமிருந்தே கிடைத்தன.

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில், வக்ஸ்மன் என்பவரின் ஆய்வுகூடத்தில் அல்பர்ட் ஷட்ஸ் என்ற மாணவர் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்குப் பலன் தந்த முதல் அன்டிபயோட்டிக் அதுதான். 1952இல் நோபல் பரிசு ஆசிரியருக்கு மட்டுமே கிடைத்தது. மாணவரை விட்டுவிட்டது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. அது நிற்க.

ஸ்ட்ரெப்டோமைசின், பக்டீரியாவின் உள்ளே புரதம் செய்யும் ரைபோசோமைத் தாக்குகின்றது. அதைச் செய்வதும் ஒரு பக்டீரியாதானே? அதற்கும் ரைபோசோம் உண்டே! அப்படியானால் அது ஏன் சாவதில்லை?

கூரிய கத்தியை உறையோடு வாசல்வரை கொண்டுபோய், வெளியே வைத்து உருவுவதைப் போன்றது அதன் வழி. உள்ளே மருந்து தயாராகும்போதே அதில் ஒரு பொஸ்பேற்றுத் துண்டு ஒட்டப்படுகின்றது. ஒட்டியிருக்கும்வரை அதற்கு நஞ்சில்லை. வெளியே வந்த பின் ஒரு நொதியம் அத்துண்டை வெட்டிவிட, நஞ்சு விழித்துக்கொள்கின்றது.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ மண்ணிலிருந்து கிடைத்து 1952இல் பாவனைக்கு வந்த எரித்ரோமைசினின் கதை வேறு. அதைச் செய்யும் பக்டீரியா, மருந்து வந்து அமரக்கூடிய இடத்தில், தன் ரைபோசோமிலேயே ஒரு சிறு மெத்தில் முளையைப் பதித்துவிடுகின்றது. பிறகு மருந்துக்கு அமர இடமேது? இன்னும் சில, உட்புகும் நஞ்சைப் பம்பி வைத்து இறைப்பதுபோல் வெளியே தள்ளுகின்றன. பெனிசிலின் செய்யும் பூஞ்சணத்துக்கோ இந்தச் சிரமமெல்லாம் இல்லை. பெனிசிலின் குலைக்கும் அந்தச் சுவர் பூஞ்சணத்தில் கிடையாது.

இந்தத் தற்காப்பு வித்தைகள் பரம்பரை அலகுகளில் எழுதப்பட்டிருக்கின்றன. பக்டீரியாக்களோ அவற்றைத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளக் கூடியவை. வேறு இனத்துக்கும் கொடுக்கும். மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமிகளிடம் உள்ளவை போன்ற நொதியங்கள் மண் பக்டீரியாக்களிடமும் இருப்பதை 1973இல் பென்வெனிஸ்டி, டேவிஸ் என்ற இருவர் எடுத்துக்காட்டி, மூலம் அங்கேயே இருக்கலாம் என்றனர். எரித்ரோமைசினுக்கு எதிரான அதே மெத்தில் வித்தை, கொப்புளம், சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டபிலோகொக்கஸிடமும் காணப்படுகின்றது. கனடாவின் யூகோன் பகுதியில் 30,000 ஆண்டுகள் உறைந்துகிடந்த மண்ணிலும் இத்தகைய அலகுகள் இருந்ததாக 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

ஆகவே கேடயத்தை நாம் செய்யவில்லை. அதை ஏந்தியவை மட்டும் பிழைக்கும்படி செய்கின்றோம். தடிமனுக்கென்று, அலுமாரியில் மிஞ்சிய கெப்சூலைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது, தடிமனுக்குக் காரணமான வைரஸுக்கு ஒன்றும் ஆவதில்லை. குடலில் இருக்கும் சாதுவான பக்டீரியாக்கள்தான் மடிகின்றன. கேடயமுள்ள சில மிஞ்சி, காலியான இடத்தில் பெருகுகின்றன. பின்பொரு நாள் அவ்வழியே வரும் நோய்க்கிருமிக்கு அக்கேடயத்தைக் கொடுத்துவிடவும் அவற்றால் முடியும்.