உங்களுக்குத் தெரியுமா? டிராகனுக்கும் 'சுபம்' உண்டு!

டிராகன் என்றதும் 'டிராகன்' பட நாயகன் பிரதீப் ரங்கநாதன் ஞாபகத்துக்கு வருகிறாரா? அவர் இருக்கட்டும். இது வாண்டுகளின் டிராகன்!

'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' படம் பார்த்திருப்பீர்கள். அது புத்தகத் தொடர் என்று தெரியுமா? 2003-இல் ஆரம்பித்தார் எழுத்தாளர் கிரெசிடா கோவெல். 2015-இல் முடித்தார். மொத்தம் 12 புத்தகங்கள்!

படத்தில் டூத்லெஸ் என்ற டிராகன் கன்னங்கரேலென்று இருக்கும். புத்தகத்தில்? பச்சைக் குட்டி! அதுவும் பொக்கை வாய்!

டிராகன்கள் மறைந்துகொண்டிருக்கின்றன என்று முதல் புத்தகத்தின் முன்னுரையிலேயே போட்டு உடைத்துவிட்டார் கோவெல். ஏன், எப்படி என்று சொல்லி முடிக்கத்தான் 12 வருஷம்!

இன்னொரு டிராகன் கதையான 'எரகான்' எழுத உட்கார்ந்தபோது கிறிஸ்டோபர் பவோலினிக்கு வயது 15! மூன்றே பாகம் என்றார். கதை அடங்கவில்லை. 2011-இல் நான்காம் பாகம் வந்துதான் சுபம். சுபமா? 2023-இல் இன்னொன்று வந்தது!

டிராகன்கள் உலவும் 'எர்த்ஸீ' தொடரை எழுதிய அர்சுலா லெ குவின் கதை இன்னும் ஜோர். 1990-இல் 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று துணைத் தலைப்பே வைத்தார். 2001-இல் அடுத்த புத்தகம்! ஒன்றல்ல, இரண்டு!

நம்ம ஊர் டிராகன் யார்? யாளிதான்! சிங்க உடம்பு, சிலதற்கு யானைத் துதிக்கை. கோயில் தூண் முன்னால் ஒரு தடவை நின்று பாருங்கள், ஹாலிவுட்டே தோற்றது!

சரி, தொடரை எப்படி முடிப்பது? திருவண்ணாமலையைக் கேளுங்கள்! கார்த்திகை தீபம், 10 நாள் தொடர். வாகனம் மாற்றி வாகனமாகச் சாமி வருவார். 7-ஆம் நாள் தேர். பத்தாம் நாள் விடியுமுன்னே பரணி தீபம். மாலை 6 மணிக்கு க்ளைமாக்ஸ்!

அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார். வருஷத்துக்கு ஒரே நாள். சில நிமிடம்தான். கண் சிமிட்டினால் போச்சு! அந்த நேரம் பார்த்து 2,668 அடி மலை உச்சியில் நெருப்பு! 'அண்ணாமலையாருக்கு அரோகரா!' எந்த டிராகன் ஊதியது இப்படியொரு தீயை?

வில்லனுக்குத் தண்டனை? அதுவும் இந்த மலையின் புராணத்தில் உண்டு! சிவனின் முடியைப் பார்த்தேன் என்று பிரம்மா புளுகினார். பொய்ச்சாட்சி சொன்னது தாழம்பூ. அன்றோடு சிவ பூஜையில் தாழம்பூவுக்குப் பொதுவாக நோ என்ட்ரி!

பத்து நாள் தொடர் முடிந்ததே, உச்சியில் அந்தத் தீபம் எத்தனை நாள் எரியும் தெரியுமா? 11!